‘ஆர் சொன்னது?’: குடாநாட்டுக் காசு கேட்டு நடந்த குரல்கள்

போன வருசம் எங்கட பட்ச் பெடியன் ஒருத்தன் ஒன்றரை இலட்சம் ரூபாவைப் போனுக்குள்ளே விட்டான். மஹாபொலக் காசில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், ரியூசன் குடுத்து உழைத்தது கொஞ்சம், மிச்சம் அம்மாவின்ர சங்கிலியை அடகு வைத்தது. மூன்று மாதமாக அந்தச் செயலியில் அவனுடைய காசு வளர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாள் பின்னேரமும் பச்சை நிறத்தில் ஒரு இலக்கம் ஏறும். லெக்சர் நடக்கிற நேரம் மேசைக்குக் கீழே அதைத் திறந்து பார்ப்பான், எங்களுக்கும் காட்டுவான். ஒரு நாள் கொஞ்சக் காசு எடுக்கப் பார்த்தான். “வரி கட்டினால்தான் எடுக்கலாம்” என்று ஒரு மெசேஜ் வந்தது. வரியையும் கட்டினான். அடுத்த கிழமை செயலியே திறக்கவில்லை.

செயலியின் பெயரை நாங்கள் எழுதப் போவதில்லை. அதெல்லாம் சட்டை மாற்றுவது போலப் பெயர் மாற்றிக்கொண்டு வருகிற சாமான்கள்.

கன்ரீனில் அவனைச் சுற்றி இருந்து நாங்கள் கேட்ட முதல் கேள்வி, எங்கட வீடுகளில் அம்மம்மாமார் கேட்கிற அதே கேள்விதான்: “உனக்கு இதை ஆர் சொன்னது?” ஒரு சீனியர் அண்ணா சொன்னாராம். அண்ணாவுக்குச் சுவிசில் இருக்கிற மச்சான் சொன்னவராம். மச்சானுக்கு ஒரு வட்ஸ்அப் குறூப் சொன்னதாம். குறூப்பில் சொன்னது ஆர் என்று தேடிப் போனால் கடைசியில் கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரனின் புரொபைல் படம் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஆளே இல்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் காசை ஓரிடத்தில் போட முதல் “எவ்வளவு வட்டி?” என்று கேட்பதை விட “ஆர் சொன்னது?” என்றுதான் கூடுதலாகக் கேட்டிருக்கிறது. பேராசிரியர்கள் இதை முதலீட்டாளர் நடத்தை என்று சொல்லித் தருகிறார்கள், அமெரிக்க உதாரணங்களோடு. நாங்கள் அதை எங்கட ஊர் வரலாற்றில் தேடிப் பார்த்தோம். தபால் வந்தது, ரெலிபோன் வந்தது, இப்போது செயலி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் காசைக் கூட்டிப் போகிற தூதர் மாறியிருக்கிறார். சனம் கேட்கிற கேள்வி மட்டும் மாறவேயில்லை.

*

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணப் பெடியள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ரயில்வே, நில அளவை, அரச கந்தோர்கள் என்று கோலாலம்பூர், சிரம்பான், ஈப்போ, தைப்பிங் எங்கும் எங்கட ஆக்கள் கிளாக்கர்மாராக இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடரில் குடாநாட்டின் கணிசமான பகுதி சீவித்தது. ‘மணியோடர் பொருளாதாரம்’ என்ற பட்டப்பெயரே அப்படி வந்ததுதான்.

அந்தக் காசு எங்கே போனது? காணிக்கு, கல்வீட்டுக்கு, மகளின் சீதனத்துக்கு, தம்பியின் படிப்புக்கு, கோயில் திருப்பணிக்கு. இதே காலத்தில் கொழும்பில் பங்கு வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. தோட்டக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி விற்க 1896இலேயே தரகர்கள் ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். 1910இல் றப்பர் விலை உச்சத்துக்குப் போய் இலண்டனில் சனம் றப்பர் பங்குகளுக்கு அடிபட்டபோது, மலாயாவில் எங்கட கிளாக்கர்மார் அந்தத் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். இருந்தும் ஊருக்கு வந்த காசின் பெரும்பங்கு உரும்பிராய்த் தோட்டக் காணிக்குள்ளும் சுன்னாகத்து வீட்டுச் சுவருக்குள்ளும்தான் போனது.

இதைப் ‘பழைய சனத்தின் பயம்’ என்று சிரித்துவிட்டுப் போகலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் எழுத இருந்தோம். ஆனால் அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். அங்கேயிருந்து “ஒரு காணி பார்த்து வையுங்கோ” என்று கடிதம் வரும். இங்கே ஐயாவோ தமையனோ காணியைப் பார்ப்பார், கிணற்றுத் தண்ணி நன்னீரா உவரா என்று வாயில் விட்டுப் பார்ப்பார், உறுதியைப் பிரசித்த நொத்தாரிசிடம் காட்டுவார். பதில் கடிதம் கப்பலில் போகும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த தேசவழமையின்படி, காணியை வெளியாளுக்கு விற்க முதல் உரித்துக்காரருக்கும் பங்காளிகளுக்கும் தெரியப்படுத்தவும் வேண்டும். ஆக, ஆசைப்படுவதற்கும் காசைக் கொடுப்பதற்கும் இடையில் மாதக்கணக்கு இருந்தது. அந்த மாதங்களுக்குள் ஊரில் பத்துப் பேராவது மூக்கை நுழைத்திருப்பார்கள். பொறாமையில் சொல்பவரும் அதில் இருப்பார், உண்மை தெரிந்து சொல்பவரும் இருப்பார்.

தபாலின் வேகம் முடிவின் வேகத்தைத் தீர்மானித்தது என்றுதான் எங்களுக்குப் படுகிறது. அந்த மந்தம் பல பேரை நல்ல வாய்ப்புகளிலிருந்து தள்ளி வைத்தது. அதே மந்தம் பல பேரைக் காப்பாற்றியும் இருக்கும். 1942இல் மலாயா யப்பான் கைக்குப் போனபோது மணியோடர் வழி அடைபட்டது. அப்போது மிஞ்சியது காணியும் வீடும்தான்.

*

மலாயாக் காசு இல்லாத வீடுகளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. சீட்டு. அது இப்போதும் எங்கட ஒழுங்கைகளில் நடக்கிறது என்பதால் விளக்கம் தேவையில்லை என்று நினைத்தோம். ஆனால் எங்களுக்குள்ளேயே இரண்டு பேருக்கு ஏலச் சீட்டின் கணக்கு தெரியாமல் இருந்தது. இருபது பேர் மாதம் ஐயாயிரம் ரூபா போட்டால் மொத்தம் ஒரு இலட்சம். அவசரக்காரர் ஒருத்தர் “எனக்கு எண்பத்தையாயிரம் போதும்” என்று கழித்து எடுப்பார். கழிவு பதினையாயிரத்தை இருபதாகப் பிரித்தால் ஆளுக்கு 750 ரூபா. கடைசி வரைக்கும் பொறுத்திருப்பவருக்கு அது வட்டி, முதலில் எடுத்தவருக்கு அது கடன் செலவு. வங்கி செய்கிற வேலை முழுவதும் ஒரு விறாந்தையில் முடிந்துவிடும். 1935இல் இலங்கையில் சீட்டுக்கென்றே தனிச் சட்டம் ஒன்று வந்ததிலிருந்து, அது எவ்வளவு பரவலாக நடந்திருக்கும் என்றும், எவ்வளவு பிணக்குகள் வந்திருக்கும் என்றும் ஊகிக்கலாம்.

சீட்டுக் காசோடு ஓடிப்போன கதைகளும் ஊரூராக உண்டு. அதை மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் ஓடுகிறவர் வீட்டை, காணியை, தன் பிள்ளைகளின் கலியாணப் பேச்சை எல்லாம் விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். சீட்டுப் பிடிக்கிறவரிடம் காசு கொடுக்கிறவர் நம்பியது அவருடைய நல்ல மனதை மட்டுமல்ல. அவருடைய படலை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்ததையும்தான்.

இந்த விசயத்தை நிறுவனமாக மாற்றியவர்கள் கூட்டுறவுக்காரர். இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் வந்தது 1911இல். ஜேர்மனியில் ரைபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களின் பாணியில், ஆரம்பகாலச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பு என்ற விதியோடு நடந்தன. அதாவது ஒரு அங்கத்தவர் கடனைக் கட்டாவிட்டால் மற்றவர்களும் பொறுப்பு. இதைக் கேட்டவுடன் எங்களுக்குத் தலை சுற்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பக்கத்து வீட்டுக்காரன் கடன் எடுத்து உண்மையிலேயே எருமை வாங்கினானா, அல்லது சூதில் விட்டானா என்று பார்க்கிற கண் உங்களுக்கு இலவசமாகவே வந்துவிடும். மனிதரின் விடுப்புப் பார்க்கிற குணத்தையே கணக்காய்வாக மாற்றிய விதி அது. 1929இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மாகாண வங்கி எழுந்தது. 1936இல் மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரியே வந்தது. அந்த இயக்கத்தின் பெரிய பெயர்களில் ஒன்று வீரசிங்கம். இப்போது நாங்கள் நாடகம் பார்க்கவும் கூட்டம் கேட்கவும் போகிற வீரசிங்கம் மண்டபம் அவருடைய பெயரில் நிற்பதுதான். மண்டபத்துக்குப் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கதை.

*

முதலீட்டுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உள்ள தொடர்பு என்றால் போனைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். குடாநாட்டில் எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது தண்ணி இறைக்கிற மிசின்.

துலா மிதித்து, பட்டை கட்டி இறைத்த தோட்டங்களுக்கு மண்ணெண்ணெய் மிசின் வந்தபோது ஒரே ஆள் இறைக்கக்கூடிய பரப்பு பல மடங்கு கூடியது. அதற்கு மேல் 1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாய் விலை ஏறியது. மிளகாய்க் காசில் ஒரு வீட்டுக் கிடுகுக் கூரை ஓடாக மாறினால், அடுத்த போகம் அந்த ஒழுங்கை முழுக்க மிளகாய்க் கன்று நிற்கும். கடன் எடுத்து மிசின் வாங்கினார்கள், கிணற்றை ஆழமாக்கினார்கள். படித்து வேலை இல்லாமல் இருந்த இளைஞர்கள் வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் காடு வெட்டித் தோட்டம் செய்யப் போனார்கள். பிறகு 1977. ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது.

மந்தைப் போக்கு என்று பாடப்புத்தகம் இதற்குப் பெயர் வைக்கும். அந்தப் பெயர் எங்களுக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. அடுத்தவனின் ஓட்டுக் கூரையைப் பார்த்து மிளகாய் வைத்த கமக்காரர் பார்த்தது உண்மையான கூரை. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஆதாரம். அவர்கள் காணாமல் விட்டது கொழும்பில் ஒரு வர்த்தமானி அறிவித்தலை நம்பித்தான் அந்த விலை நின்றது என்பதை. விலை விழுந்தபோதும் கிணறு கிணறாகவே இருந்தது, மிசினும் கையில் இருந்தது. வெங்காயமோ புகையிலையோ வைக்கலாம். எங்கட நண்பன் பார்த்த பச்சை இலக்கத்துக்கு அப்படி ஒரு கிணறு இல்லை.

*

அம்மம்மாமாரின் பவுண் ஆசையை நாங்கள் எல்லாரும் நக்கல் அடித்திருக்கிறோம். நிதிப் பாடப்புத்தகத்தைக் கேட்டால் தங்கம் வட்டி தராது, ஒன்றையும் உற்பத்தி செய்யாது. சரிதான். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவர் 1990களில் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை.

1990இலிருந்து கரண்ட் இல்லை, ரெலிபோன் இல்லை, பொருளாதாரத் தடை. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பொன்னாக இருந்த காலம். விடுதலைப் புலிகள் வீட்டுக்கு இரண்டு பவுண் கேட்டு வாங்கினார்கள். ஆக, ஆட்சி செய்தவர்களுக்கும் எந்தச் சொத்து உண்மையில் சொத்து என்று தெரிந்திருந்தது. 1994இல் தமிழீழ வைப்பகம் தொடங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நடையில் காணி கூட வரவில்லை. வீடு வரவில்லை. கிணறும் மிசினும் வரவில்லை. பத்துத் தலைமுறையாகப் பாதுகாப்பு என்று நம்பிய எல்லாம் பின்னால் நின்றுவிட, சீலைத் தலைப்பில் முடிந்த நகை மட்டும் கூட வந்தது.

டானியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஒரு கட்டுரை, மனிதருக்கு ஒரு ரூபா கிடைக்கும் சந்தோசத்தை விட ஒரு ரூபா போகும் வலி பெரிது என்று காட்டியது. இழப்பு வெறுப்பு என்று அதை வகுப்பில் படிக்கிறோம். அதை ஒரு பிழை போலவும் கையாள்கிறோம். ஆனால் உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்த ஒரு ஊரில் இழப்புக்குப் பயப்படுவது பிழையா? எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இப்போதும் நிலையான வைப்புப் புத்தகத்தையும் நகைப் பெட்டியையும் தனித்தனியாகத்தான் வைப்பா. “ஒண்டு இருக்கிற காலத்துக்கு, மற்றது ஓடுற காலத்துக்கு” என்பா. காசை மனதுக்குள் வேறு வேறு பெட்டிகளாகப் பிரிப்பதை ரிச்சர்ட் தேலர் மனக்கணக்கு என்று ஆராய்ந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மம்மாவுக்கு நாங்கள் நக்கல் மட்டும் அடித்தோம்.

இந்தக் காலத்தில் குடாநாட்டு வீடுகள் செய்த மிகப் பெரிய முதலீட்டையும் சொல்ல வேண்டும்: பிள்ளையை வெளியில் அனுப்பியது. காணியை ஈடு வைத்து, நகையை விற்று, ஒரு ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து ஒரு பெடியனைக் கனடாவுக்கோ சுவிசுக்கோ அனுப்புவது. பத்திரம் இல்லை, ரசீது இல்லை. அங்கேயும் ஒரே கேள்வி: “இந்த ஏஜென்சிய ஆர் சொன்னது? அவன் ஆரின்ர பெடியன அனுப்பினவன்?” போய்ச் சேர்ந்த பெடியன் ஒருத்தனின் பெயரைச் சொன்னால்தான் காசு கை மாறும்.

போய்ச் சேர்ந்தவர்கள் திருப்பி அனுப்பியது உண்டியலில். அந்தப் பெயரே பழையது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கடல் கடந்து காசு மாற்றிய ஆவணத்துக்கு உண்டியல் என்றுதான் பெயர். ரொறன்ரோவில் ஒரு கடையில் டொலர் கொடுப்பார், ஒரு கோல் போகும், இங்கே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் காசுக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். 2002 போர்நிறுத்தத்தை ஒட்டிக் கைத்தொலைபேசி குடாநாட்டுக்குள் வந்தபின் இது இன்னும் சுலபமானது. சட்டத்துக்கு வெளியில் நடந்த வேலை அது. ஆனாலும் சனம் அதில் தொடர்ந்து நின்றது, காரணம் குரல். கோல் எடுத்துச் சொல்கிறவரின் குரலை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

2021இன் கடைசியில் அந்தக் குரலுக்கு முன்னால் வங்கி தோற்றதை நாங்களே பார்த்தோம். மத்திய வங்கி டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் அதை விடக் கூடத் தந்தார்கள். ஒவ்வொரு நாள் காலமையும் “இண்டைக்கு எவ்வளவு?” என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் கட் ஒன்று போகும், விலை வரும், பிறகுதான் காசு வரும். இலங்கைக்கு வங்கி வழியாக வந்த வெளிநாட்டு உழைப்பாளர் காசு 2020இல் 710 கோடி டொலர். 2021இல் 549 கோடி. 2022இல் 379 கோடி. நாட்டுக்கு மருந்தும் பெற்றோலும் வாங்க டொலர் இல்லாமல் போனதற்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. இதுவும் ஒன்று. ஒவ்வொரு வீடும் தன்னுடைய கணக்கில் சரியான முடிவைத்தான் எடுத்தது. எல்லா வீடும் சேர்ந்தபோது பெற்றோல் செட்டில் நாங்களே வரிசையில் நின்றோம்.

*

போர் முடிந்து ஏ9 திறந்தபின் ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வரிசையாக வந்தன. கொழும்புப் பங்குச் சந்தையும் யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை திறந்தது. அது ஒரு விசித்திரமான நேரம். பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 2008 முடிவில் 1,500 அளவில் இருந்தது. 2010 முடிவில் 6,600ஐத் தாண்டியது. 2011 பெப்ரவரியில் 7,800க்கு மேலே போய் உச்சம் தொட்டது. பிறகு விழத் தொடங்கியது. முப்பது வருசம் பங்குச் சந்தை என்றால் என்னவென்று நினைக்கவும் நேரமில்லாத சனத்துக்கு, கதவு திறந்தது உச்சிக்குப் பக்கத்தில். உள்ளே போய்ச் சுட்டுக்கொண்டவர்கள் “அது சூது” என்று திரும்பி வந்தார்கள். ஒரு ஊர் ஒரு சந்தையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது, அது எந்த வருசம் உள்ளே போனது என்பதில்தான் கூடுதலாகத் தங்கியிருக்கிறது போல.

இரண்டாவது அலை எங்கட காலம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய சந்தை மே 11ஆம் திகதி திறந்து, விலை விழுந்து, சில செக்கன்களிலேயே நிறுத்தப்பட்டது. அதே வருசம் பங்குச் சந்தை தன் கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. கணக்குத் திறக்கக் கந்தோருக்குப் போகத் தேவையில்லை, அடையாள அட்டையைப் படம் எடுத்துப் போட்டால் சரி. வங்கி வட்டி குறைவு, வீட்டுக்குள் அடைபட்ட சனம், கையில் போன். 2021 ஒரு வருசத்துக்குள் சுட்டி 6,700 அளவிலிருந்து 12,200க்கு ஏறியது. 2022 ஜனவரியில் 13,000ஐயும் தாண்டியது. ஏப்பிரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சந்தை ஒரு கிழமை பூட்டிக் கிடந்தது. அந்த வருச முடிவில் சுட்டி 8,500 கூட இல்லை. செப்ரெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. விழுந்த பங்கை வைத்திருந்தவரும் இழந்தார், ஒன்றும் செய்யாமல் வங்கியில் வைத்திருந்தவரும் இழந்தார். அம்மம்மாவின் பவுண் மட்டும் விலை ஏறிக்கொண்டே போனது. அவ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் கூட உறைத்தது.

செயலி வந்தபின் மனிதர் எப்படி மாறுகிறார் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி உண்டு. பார்பர், ஓடியன் என்ற இரண்டு பேர், ரெலிபோனில் பங்கு வாங்கிக்கொண்டிருந்து 1990களில் இன்ரநெற்றுக்கு மாறிய 1,607 பேரின் கணக்குகளைப் பார்த்தார்கள். மாறுவதற்கு முன் அவர்கள் சந்தை சராசரியை விட நன்றாக உழைத்தவர்கள். மாறிய பின் அடிக்கடி வாங்கினார்கள், அடிக்கடி விற்றார்கள், சராசரியை விடக் கீழே போனார்கள். மனிதர் அதே மனிதர்தான். இடையில் இருந்த தரகரின் “கொஞ்சம் பொறுங்கோ” இல்லாமல் போனது, அவ்வளவுதான். இந்தியாவில் பங்கு ஒழுங்குபடுத்துகிற செபி 2024இல் வெளியிட்ட கணக்கு இதை விட மோசம். மூன்று வருசத்தில் பங்குச் சந்தையின் எதிர்கால, விருப்பத்தேர்வு ஒப்பந்தங்களில் விளையாடிய தனியாட்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டிருந்தார்கள். இது சட்டப்படி நடக்கிற, உண்மையான பங்குகள் இருக்கிற சந்தை. போலிச் செயலி அல்ல.

போலிச் செயலி இதே மனித குணத்தில் ஒரு படி மேலே ஏறி நிற்கிறது. அது எங்கட நண்பனை எப்படிப் பிடித்தது என்று அவனோடு இருந்து மெசேஜ் மெசேஜாகத் திருப்பிப் பார்த்தோம். முதல் கிழமையே ஐயாயிரம் ரூபா உண்மையாகவே அவனுடைய வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. அந்த ஐயாயிரம்தான் ஒன்றரை இலட்சத்தை இழுத்தது. ஆள் சேர்த்தால் பங்கு என்றது. அதனால் அவனே மூன்று பேருக்குச் சொன்னான். அந்த மூன்று பேருக்கும் “ஆர் சொன்னது?” என்ற கேள்விக்குப் பதில் நல்ல பதில்: கூடப் படிக்கிற, வீடு தெரிந்த, பொய் சொல்லாத ஒரு பெடியன். அவனும் பொய் சொல்லவில்லை. இதுதான் எங்களுக்குப் பயமாக இருந்த இடம். எங்கட சமூகம் நூறு வருசமாகக் காசைக் காப்பாற்றப் பாவித்த அதே கேள்வியை இந்தச் செயலிகள் சாவியாகப் பாவிக்கின்றன. ஊர்க்காரனின் முகம் அப்படியே இருக்கிறது. முகத்துக்குப் பின்னால் இருந்த படலை இல்லை, விறாந்தை இல்லை, கூட்டுப் பொறுப்பு இல்லை. மாதக்கணக்கில் எடுத்த முடிவு மூன்று தட்டில் முடிகிறது, மூக்கை நுழைக்க ஒருத்தரும் இல்லை. அவன்ர அம்மாவுக்கே சங்கிலி எதற்கு என்று தெரியாது. செமஸ்ரர் பீஸ் என்று சொல்லியிருந்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பிரமிட் திட்டங்களை நடத்துவதும் ஆள் சேர்ப்பதும் இலங்கையின் வங்கிச் சட்டம் 83சி பிரிவின்படி குற்றம். மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்ப் பட்டியலையே வெளியிடுகிறது. 2023இல் பல நாடுகளில் சனத்தின் காசோடு மறைந்த எம்ரிஎப்ஈ என்ற செயலியும் அந்தப் பட்டியலில் வந்தது. பதிவு செய்த வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால் வைப்புக் காப்புறுதியில் ஒரு எல்லை வரைக்கும் காசு திரும்பும். இப்போது அந்த எல்லை பதினொரு இலட்சம் ரூபா. செயலிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்க மத்திய வங்கியின் இணையத்தளத்துக்குப் போக வேண்டும், அழைப்போ வட்ஸ்அப்பில் தானாக வருகிறது. இன்னொரு விசயமும் இருக்கிறது. ஆள் சேர்ப்பது குற்றம் என்றால் எங்கட நண்பனும் குற்றவாளிப் பக்கம் போய்விடுகிறான். அதனால்தான் ஒருத்தரும் பொலிசுக்குப் போவதில்லை. அவன் சேர்த்த மூன்று பேரில் ஒருத்தி இப்போது அவனோடு கதைப்பதில்லை.

அம்மாவிடம் அவன் கடைசியில் சொல்லிவிட்டான். அவ ஏசவில்லையாம், ஒரே ஒரு கேள்விதான் கேட்டவவாம். எந்தக் கேள்வி என்று உங்களுக்குத் தெரியும். சங்கிலியை மீட்க அவன் தங்கட ஒழுங்கைச் சீட்டில் சேர்ந்திருக்கிறான். சீட்டுப் பிடிக்கிற அக்கா அவனைக் கூப்பிட்டு, “நீ கம்பஸில படிக்கிறாய்தானே, எங்கட சீட்டுக்கும் ஒரு வட்ஸ்அப் குறூப் போட்டுத் தா” என்று கேட்டிருக்கிறா. போட்டுக் கொடுத்தான். கழிவு கேட்பது, ஆருக்கு விழுந்தது என்று சொல்வது எல்லாம் இப்போது குறூப்பில்தான். காசை மட்டும் பத்தாம் திகதி பின்னேரம் விறாந்தைக்குக் கொண்டுவந்து கையில் தர வேண்டுமாம். ஒன்லைனில் போடுகிறோம் என்று இரண்டு பேர் கேட்டதற்கு அக்கா குறூப்பில் பதில் போடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறா.